நின்றுபோனதற்கெல்லாம் ஓர் இங்கிலீஷ் வார்த்தை

மகனே, நீ மாடியில் இருக்கிறாய். நான் கீழே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் இருப்பது ஒரு மாடிப்படிதான், ஏறி வந்து நேரில் சொல்லிவிடலாம். ஆனால் நான் பாதிப் படி ஏறும்போதே நீ காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையை என் பக்கம் உயர்த்தி, "மீட்டிங்" என்பாய். அந்த வார்த்தையைத் தாண்டி உள்ளே வரும் வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை. அதனால் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, கப்பலேறிப் போன மகனுக்கு எழுதுவதுபோல உனக்கு எழுதுகிறேன். உறையில் போடவில்லை. உன் அம்மா படித்தால் படிக்கட்டும். இந்த ஊரில் இப்போது எத்தனையோ வீட்டு மாடிகளில் எத்தனையோ பிள்ளைகள் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் யாராவது படித்துவிட்டு இது தங்கள் வீட்டுக் கடிதம் என்று நினைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்கு வேலை போய்விட்டது. அது எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். வருகிற ஆவணியில் உனக்குக் கல்யாணம். நீ கட்டிக்கொள்ளப்போகும் வினோதினிக்கு அதை நீ இன்னும் சொல்லவில்லை. அவளிடம் நீ சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பக்கம். இதை ஒரே வரியில் எழுதிக் கதவிடுக்கில் தள்ளியிருக்கலாம். அப்படித் தள்ளினால் நீயும் ஒரே வார்த்தையில் பதில் எழுதித் திரும்பத் தள்ளிவிடுவாய் என்றுதான் பயம்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். மூலைக் கம்பத்தில் கேபிள் அறுந்து நம் தெரு முழுக்க நெட் போன நாளை நினைத்துப் பார். நம் நெல்லித்தோப்புத் தெருக்களில் ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் "நூறாயுசு" சொல்வார்கள். அன்று காலை ஒருவர் வீட்டுக் கவலை எல்லார் வீட்டுக்கும் கேட்டது. பிள்ளைகள் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். "அண்ணே, உங்க ஊட்ல வருதா?" "எங்கடா வருது, டோட்டலா டவுன்." எதிர்வீட்டுப் பெண், "இன்னிக்கு மேனேஜரு என்னைக் கொன்னுடுவாரு ஆன்ட்டி" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, நெட் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஸ்கூட்டியில் பறந்தாள். நீ மட்டும் இறங்கி வரவில்லை. தூங்கிவிட்டாய் போலிருக்கிறது என்று நினைத்து, காபியோடு தகவலையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். என் காலடிச் சத்தம் உனக்குக் கேட்டிருக்க வேண்டும். அறையிலிருந்து உன் குரல் வந்தது: "யெஸ்... ஷ்யூர்... ஐ வில் செக்..." கதவு பாதி திறந்திருந்தது. உன் லேப்டாப் திரையில், நெட் இல்லாதபோது வந்து நிற்குமே, அந்தச் சின்ன டைனோசர் நின்றுகொண்டிருந்தது. நீ அதனிடம்தான் பேசிக்கொண்டிருந்தாய். செல்போன் வழியாக நெட் போட்டுக்கொண்டிருக்கலாமே என்று உனக்காக எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தேன். உன் போன் கீழே ஹாலில் சார்ஜில் கிடந்தது. காபியை வைத்தேன். நீ கையை உயர்த்தி "மீட்டிங்" என்றாய். நான் தலையாட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

"நெட்டு இல்லன்னு சொன்னீங்களா? என்னா பண்றான்?" என்றாள் உன் அம்மா.

"மீட்டிங்" என்றேன்.

அவள் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மறுபடியும் கத்தரிக்காயை நறுக்கினாள். "எனக்கு எப்பவோ தெரியும். வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆனா வேலைக்குப் போறவனுக்கு ஒரு மொகம் இருக்கும் பாருங்க, கயித்த அவுத்து உட்ட மாதிரி. இவனுக்கு அது போயி ரொம்ப நாளாவுது. எல்லா நாளும் ஒரே மொகமா வச்சிருக்கான்" என்றாள். நான் டைனோசரைப் பார்த்துக் கண்டுபிடித்ததை அவள் உன் முகத்திலேயே கண்டுபிடித்திருக்கிறாள். நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் அவள் உன் சட்டையை வழக்கம்போல இஸ்திரி போட்டு வைத்தாள். நீயும் அதை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனாய்.

அன்றிலிருந்து ஒரு விஷயத்தைக் கவனித்து வருகிறேன். வேறு வேலை இல்லாதவன் கவனிக்கத்தானே வேண்டும். நம் வீட்டில் எல்லாம் ஓடும்போது தமிழில் ஓடுகிறது. மோட்டார் ஓடுது, விளக்கு எரியுது, குழாயில் தண்ணி வருது. நின்ற அந்த நொடியில் மொழி மாறிவிடுகிறது. மோட்டார் ஜாம். கரண்ட் கட். பேட்டரி வீக். போன் ஹேங். டேங்க் லீக். பிரிட்ஜ் ரிப்பேர். பஸ் நடுவழியில் நின்றால் பிரேக்டவுன், லிப்ட் நின்றால் அவுட் ஆஃப் ஆர்டர், அலுவலகத்தில் மனு நின்றால் பெண்டிங். உலகத்தில் ஓடாத சாமான்களுக்கான அகராதி முழுவதையும் நாம் இரவல் வாங்கி வைத்திருக்கிறோம். நம் ஊருக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. பின்தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் பழைய சொல்தா ஒருவர் இருக்கிறாரே, அவர் தன் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பான்" என்பார். பிரெஞ்சில் வண்டி நின்றுபோனதற்கு அதுதான் சொல்லாம். ஆக, தமிழ்நாட்டுக்காரனுக்குப் பொருள் கெட்டுப்போக ஒரு அந்நிய மொழிதான் இருக்கிறது; புதுச்சேரிக்காரனுக்கு இரண்டு.

தமிழில் வார்த்தை இல்லாமல் இல்லை. "மிக்ஸி கெட்டுப்போச்சு" என்று சொல்லிப் பார். அடுத்த நொடியே விசாரணை தொடங்கிவிடும். எப்படிக் கெட்டது, கடைசியாகப் போட்டது யார், அரிசியோடு கல்லையும் சேர்த்துப் போட்டாயா. "மிக்ஸி ரிப்பேர்" என்று சொல். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மழை பெய்தது என்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். தமிழில் சொன்னால் கேட்கிறவன் உள்ளே வருகிறான். இங்கிலீஷில் சொன்னால் வாசலோடு திரும்பிவிடுகிறான். இங்கிலாந்தில் இதே வார்த்தைகளைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அங்கே உள்ளே வருவார்களோ என்னவோ.

இந்தப் பாடத்தை நான் மில்லில் படித்தேன். நான் நூற்புப் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். அங்கே இருந்த ஒரு பழக்கத்தை உனக்குச் சொன்னதில்லை. ஒரு மிஷின் நின்றுவிட்டால், அதன் தலைமாட்டில் இருக்கும் தகட்டில் சாக்பீஸால் ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதிவிட வேண்டும். பேரிங், பெல்ட், ஷார்ட், இப்படி. தன் பெயரைத் தமிழில் எழுதத் தடுமாறுகிறவர்கூட அந்த நாலைந்து வார்த்தைகளை முத்து முத்தாக எழுதுவார். சங்கு ஊதி ஷிப்ட் மாறும்போது மேஸ்திரி வரிசையாக நடந்து வருவார். வார்த்தை எழுதியிருந்தால் தாண்டிப் போவார். எழுதாமல் நிற்கிற மிஷினைக் கண்டால்தான் நின்று, "யாருய்யா இதுல இருந்தது? என்னா பண்ணித் தொலைச்ச?" என்று கேட்பார். எனவே நாங்கள் மிஷினைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் சாக்பீஸைத் தேடினோம். எழுதி முடித்ததும் பாதி வேலை முடிந்துவிட்ட ஒரு நிம்மதி வரும். ஒரு மிஷினில் இன்னதென்று கண்டுபிடிக்க முடியாத கோளாறு. பெரிய ஃபிட்டர் தாடையைச் சொறிந்துவிட்டு 'அப்சர்வேஷன்' என்று எழுதினார். எழுத்து மங்கும்போதெல்லாம் எங்களில் யாராவது ஒருவர் அதன் மேலேயே திருப்பி எழுதி வைப்பார். அதற்குப் பிறகு அந்த மிஷினை யாரும் அப்சர்வ் செய்ததாக எனக்கு நினைவில்லை. மில் மூடியபோதும் அது அப்படியேதான் நின்றது, தெளிவான கையெழுத்தோடு.

மில் மூடியது என்று எழுதிவிட்டேன். அப்போது நாங்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கேட்டில் ஒட்டியிருந்த தாளில் 'டெம்பரரி' என்று இருந்தது. நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். டெம்பரரி என்றதும் நாங்கள் கேட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் ஷிப்ட் நேரத்துக்குப் போய் உட்கார்ந்தோம். சாப்பாட்டு டப்பாவோடுதான். காலை ஷிப்ட்காரன் காலையில் வருவான், மதிய ஷிப்ட்காரன் மதியம் வருவான். மரத்தடியிலும் ஷிப்ட் மாறியது. லீவு வேண்டுமென்றால் பக்கத்திலிருப்பவனிடம் சொல்லிவிட்டுப் போனோம். அப்புறம் மில் 'சிக்' ஆகிவிட்டது என்றார்கள். ஆலைக்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போவது போல நாங்களும் தவறாமல் போனோம். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போகாததுதான் குறை. யாருக்கும் கோபம்கூட வரவில்லை. வேலை போய்விட்டது என்று யாராவது தமிழில் எழுதி ஒட்டியிருந்தால் அன்றைக்கே கேட்டை உடைத்திருப்போம். உடைத்திருந்தாலும் மில் திறந்திருக்காது; ஆனால் நாங்கள் வேறு வேலை தேடியாவது போயிருப்போம்.

உன் அம்மா அந்த மரத்தடிக்கு ஒருநாள்கூட வந்ததில்லை. அவள் நேராக மார்க்கெட்டுப் பக்கம் இருக்கும் மளிகைக்கடைக்குப் போனாள். கடையில் ஜனம் இருந்த நேரம். எல்லார் முன்னாலும், "அண்ணாச்சி, எங்க ஊட்டுக்காரருக்கு வேல போயிடுச்சி. எனக்கு எதுனா வேல இருந்தா குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். அரைமணி நேரத்தில் அது மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. கூட இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், அவர்கள் எல்லாருடைய வேலையையும் அவள்தான் போக்கிவிட்டாள் என்பதுபோல ஒரு கசப்பு. வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன்.

"யாரக் கேட்டு ஊரு பூரா சொல்லிகினு வந்த? இது டெம்பரரிதான்னு சொன்னேன் இல்ல?"

"அந்த டெம்பரரிக்கு அரிசி வெந்தா சொல்லுங்க, வடிக்கிறேன்" என்றாள்.

அவளுக்கு மிளகாய் பொட்டலம் போடும் வேலை கிடைத்தது. ஒரு வாரம் வீடு முழுக்கத் தும்மல். அதைவிட முக்கியம், அன்று கடையில் இருந்த ஒருவர் அவளிடம் விசாரித்து, செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுக்கும் தன் மைத்துனனிடம் என்னை அனுப்பினார். நான் பணம் எடுக்கும் மிஷினுக்குக் காவலாக உட்கார்ந்து உன்னைப் படிக்க வைத்தது அப்படித்தான். அந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்னும் எத்தனை காலம் அந்த மரத்தடியில் ஷிப்ட் பார்த்திருப்பேனோ. மரத்தடியிலேயே இருந்தவர்களும் உண்டு. அவர்களில் சிலரை நாங்கள் பிறகு தூக்கிக்கொண்டு போனோம். அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று டாக்டர்கள் சொன்னதும் இங்கிலீஷில்தான் இருந்தது. அதில் மில்லைப் பற்றி ஒன்றும் இல்லை.

நீ நினைப்பாய், அப்பா பழைய கதையைச் சொல்லி என்னைக் கீழே இறக்கப் பார்க்கிறார் என்று. பழைய கதை முடிந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வினோதினியின் அப்பா போன் செய்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும், ஒரு எட்டு வந்து பார்த்துவிடுங்கள் என்று கூப்பிட்டார். கடலூர் பஸ் பிடித்துத் தவளக்குப்பம் போனேன். சம்பந்தி வீட்டோடு ஒட்டிய தன் மாட்டுத்தீவனக் கடையில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே எனக்கு நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, மாதிரிப் பத்திரிகையை மடியில் வைத்தார். தவிட்டுக் கையைக் கழுவி ஈரம் காய்ந்த பின்தான் அதைத் தொட்டாராம், அவ்வளவு பத்திரம். உன் பெயருக்குக் கீழே படிப்பு இருந்தது. படிப்புக்குக் கீழே கம்பெனி பெயருக்காக ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தார்.

"மாப்ள கம்பெனி பேர நீங்களே உங்க கையால எழுதிக் குடுத்துடுங்க சம்பந்தி. நாங்க எதுனா தப்பா போட்டுட்டா ஊர்ல அசிங்கமாப் பூடும். எங்க பங்காளிங்க பூரா அந்த வரியத்தான் மொதல்ல படிப்பானுங்க" என்றார்.

என் கையில் பேனா இருந்தது. 'என் மகனுக்கு இப்போது கம்பெனி இல்லை' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். "அது... கொஞ்சம் சேஞ்ச் ஆவுற மாதிரி இருக்கு சம்பந்தி" என்று வந்தது.

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆகிவிட்டது. "ப்ரமோஷனா?" என்றார். நான் பேசுவதற்குள் உள்பக்கம் திரும்பி, "இந்தா, கேட்டியா? மாப்ளைக்கு ப்ரமோஷனாம்!" என்று கத்தினார். உள்ளேயிருந்து சம்பந்தியம்மாள் கையில் மாவோடு ஓடி வந்து, "எங்க பொண்ணு வர்ற நேரம்ங்க" என்றார். தீவனம் வாங்க வந்தவர் ஒருவர் எனக்குக் கை கொடுத்தார். நான் கை கொடுத்தேன். அதற்கு மேல் அங்கே என்னால் செய்ய முடிந்தது கலரைக் குடித்து முடிப்பது மட்டும்தான். இன்னும் இரண்டொரு நாளில் பெயரை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அன்றைக்கு உன் ஹெட்செட்டைப் பற்றி மனதுக்குள் பேசியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன். நீ காலியான திரையிடம் பேசினாய். நான் கண்ணெதிரே சந்தோஷப்படுகிற மனிதரிடம் பேசாமல் இருந்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு வினோதினி பின்னாலேயே வந்தாள். தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்குக் கிளம்பியவள், கையில் மடித்த வெள்ளைக் கோட்டு இருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைக்காதீங்க. அவருக்கு வேல இருக்கா மாமா?"

எவ்வளவு சின்னக் கேள்வி பார். நான் சொன்ன பதில், "கொஞ்சம் ப்ரெஷர்மா அவனுக்கு."

"ப்ரெஷர்னா எங்க லேப்ல பட்டைய சுத்திப் பாப்போம் மாமா, நம்பரு வந்துடும். இதுக்கு எதச் சுத்தறது?" என்றாள். சிரிக்கவில்லை. "ஏன் கேக்கறேன்னா, முன்னெல்லாம் அவரு ஆபீஸப் பத்தித் திட்டிகினே இருப்பாரு. அவன் அப்டி, இவன் இப்டின்னு. இப்ப யாரையும் திட்றதே இல்ல. என்னான்னு கேட்டா பிஸி, அப்பறமா பேசறேன்ங்கிறாரு. திட்றதுக்கு ஆளே இல்லாத ஆபீஸு எங்க மாமா இருக்கு?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். அது வரவில்லை.

"நீங்க சொல்ல வேணாம் மாமா. உங்களக் கஷ்டப்படுத்த வரல. அவரு வாயால சொல்லட்டும். சனிக்கிழம எனக்கு மத்தியானத்தோட டூட்டி முடிஞ்சிடும். ஊட்டுக்கு வர்றேன். ஞாயித்துக்கிழம அப்பா பத்திரிகைய அச்சாபீஸ்ல குடுத்துடுவாரு, அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

"அவன் சொல்லிட்டான்னா?" என்று கேட்டேன்.

"சொன்னா யோசிப்பேன்."

"சொல்லலன்னா?"

"யோசிக்க ஒண்ணும் இல்லையே மாமா" என்றாள்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். நோணாங்குப்பம் வரும் வரைக்கும் டிக்கெட் வாங்கவில்லை என்பதைக் கண்டக்டர் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. படகுத்துறைப் பக்கம் உல்லாசப் பயணிகள் தொப்பியோடு வரிசையில் நின்றார்கள். அவர்களில் யாருக்கும் ஒரு கவலையும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர்களும் யாரிடமாவது மீட்டிங் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம், எனக்கென்ன தெரியும்.

நீ அவளிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்து வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். உன் கம்பெனிக்காரர்கள் உன்னை அனுப்பும்போது ஒரு வார்த்தை கொடுத்திருப்பார்கள். நல்ல வழவழப்பான வார்த்தையாக இருக்கும். அதில் அடிபட்டவன் இருப்பான், அடித்தவன் இருக்க மாட்டான். அதை அப்படியே அவள் கையில் கொடுக்கலாம் என்று உனக்குத் தோன்றும். கொடுக்காதே. அது அவர்கள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்டது. அதை நீ இத்தனை மாதம் சட்டைபோலப் போட்டுக்கொண்டு திரிந்தது போதும். வேலை போனதில் உன் தப்பு எதுவும் இருக்காது என்று நம்புகிறேன். இருந்தாலும் நீ என் மகன்தான். அதை மறைத்தது வேறு விஷயம், அதில் இனி ஒவ்வொரு நாளும் உன் கணக்கில்தான் சேரும். அந்தப் பெண் உன்னிடம் வேலை கேட்கவில்லை. தான் எந்த வீட்டுக்குள் நுழையப் போகிறாள் என்று கேட்கிறாள். அதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு, நுழைவதற்கு முன்னால்தான் கேட்கவும் முடியும். "எனக்கு வேலை போயிடுச்சி, உங்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சி" என்று சொல். இந்த இரண்டையும் சொன்ன பிறகு அவள் பேசும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு. உன்னால் அதுதான் முடியாது. என்னாலும் முடிந்ததில்லை. நடுவில் ஒரு அமைதி வரும். அந்த இடத்தில் போட்டு மூடத்தான் நாம் எல்லாரும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தேடுவோம்.

சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. மளிகைக்கடையில் சொன்னதால் உன் அம்மாவுக்கு மிளகாய் கிடைத்தது என்பதற்காக, உனக்கும் ஏதாவது கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளாதே. அவள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம். அவள் சரி என்றாலும் அவளுடைய அப்பா மறுக்கலாம். காலி வரியோடு ஒரு பத்திரிகையைத் தன் பங்காளிகளுக்குக் கொடுக்க அந்த மனிதருக்கு மனம் வராமல் போகலாம். அப்படியானால் அவரைக் குறை சொல்லும் யோக்கியதை நம் வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

இன்று சனிக்கிழமை. அவள் மத்தியானத்துக்கு மேல் வருவாள். அந்த நேரத்தில் நான் தவளக்குப்பத்தில் இருப்பேன். ப்ரமோஷன் என்று நம்பிக்கொண்டிருக்கும் மனிதரிடம் அது இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான். அந்த வேலையை உன் தலையில் கட்ட முடியாது. தனியாகப் போகலாம் என்றுதான் சட்டையை மாட்டினேன். உன் அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். "நானும் வர்றேன். நீங்க மட்டும் போனா மறுபடியும் இங்கிலீஷ்ல எதையாச்சும் சொல்லி, கை குடுத்துட்டு வந்துருவீங்க" என்கிறாள். அவமானப்படப் போகிற இடத்துக்கு அவள் பட்டுப்புடவை கட்டியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "எதையும் ஒளிக்காம இன்னிக்குத்தான் போறோம், அவங்க ஊட்டுக்கு மொதல் தடவையா போற மாதிரிதான் போவணும்" என்றாள். எனக்குப் பாதிதான் புரிந்தது.

சோறு வடித்திருக்கிறது. கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுட வைத்துக்கொள். அவள் இருந்தால் இரண்டு பேரும் சாப்பிடுங்கள், எங்களுக்காகப் பார்க்க வேண்டாம். அவள் போயிருந்தால் நீ தனியாக உட்கார்ந்து சாப்பிடாதே. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, பசித்தாலும் இரு. நாங்கள் வந்துவிடுகிறோம்.